எட்டரை

அனுமதிக் கடிதம் பதினொரு நாள்
தோட்ட ஆபிசில் கிடந்தது.
உறையில் என் பெயர், யோகலீலா,
அதற்குக் கீழே ஆர்ட்மோர் தோட்டம், கீழ்க்கணக்கு.
நாற்பத்தாறு குடும்பத்துக்கும்
அதே முகவரிதான்.
யாரோ அதன்மேல் கோப்பை வைத்திருந்தார்கள்.
அந்தப் பழுப்பு வளையத்தோடு
கண்டிக்கு வந்து சேர்ந்தேன்.

கலையும் வடிவமைப்பும்: அடிப்படை ஆண்டு.
முதல் வாரம் முழுக்கச் சாம்பல்.
வெள்ளையிலிருந்து கறுப்புக்கு இருபது படி
என்றார் விஜேகோன் மிஸ்.
எனக்குப் பதினான்குதான் வந்தது.
ருஸ்னா இருபத்திரண்டு செய்துவிட்டு
இரண்டை அழித்தாள்.

அடுத்தது ஒரு நாற்காலி.
நாற்காலியை வரையாதே,
கால்களுக்கு இடையில் இருக்கிற
காற்றை வரை.
மூன்று மொழியில் சொன்னார்கள்,
மூன்றிலும் விளங்கவில்லை.
நான்காம் நாள், மாலை ஐந்தரைக்கு,
பசியில் கண் மங்கியபோது
காற்று முதலில் வந்தது
நாற்காலி பிறகு.

பெரிய தாள் ஒன்று வாங்கினால்
அன்றைக்குச் சோற்றுப் பார்சல் இல்லை.
ஐப்பசியில் பிளாஸ்டர் காயாது,
என் முதல் சிற்பத்துக்கு
மூக்கில் பூஞ்சணம்.
"அங்க என்னதான்டி படிக்கிற?"
"இந்த மாசம் கோடும்மா. வெறும் லைன்."
"லயத்துலருந்து போயி லைன் போடுறியா"
என்று அம்மா சிரித்த சிரிப்பில்
போனில் இருந்த காசு தீர்ந்தது.

வெள்ளிக்கிழமைகளில் விமர்சனம்.
சுவரில் குத்திவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும்.
நல்லா இருக்கு என்று
யாரும் சொல்லக் கூடாது, அது விதி.
சதுனி ஒருதரம் அழுதாள்.
நான் அழவில்லை,
கழிவறைக்குப் போய்
நிறைய நேரம் கை கழுவினேன்.

கடைசித் தவணையில் எண்கள்.
பூச்சியம் முதல் ஒன்பது வரை,
ஏதாவது ஓர் இடத்துக்காக.
சதுனிக்கு ரயில் நிலையம்,
ருஸ்னாவுக்கு வாப்பாவின் கடை பில்.
எனக்கு எங்கள் லயத்தின் பன்னிரண்டு கதவு.
"உன் ஏழு சாய்கிறது" என்றார் மிஸ்.
எங்கள் கதவும்தான் என்றேன்.
"அது காரணம் ஆகாது."
மறுபடி வரைந்தேன்.
பழைய எக்ஸ்ரே தாளில் அச்சு வெட்டினேன்,
யாருடையதோ விலா எலும்புகளுக்கு நடுவே
மூன்று.

சித்திரை லீவில் ஒரு டின் நீலப் பெயின்ட்.
ஒன்று, இரண்டு, மூன்று.
ஐந்தாம் காம்பராவில் மாதா படத்துக்கு
இடம் விட்டுக் கொஞ்சம் கீழே.
பன்னிரண்டாம் வீட்டார்
தண்ணிப் பைப்புப் பக்கம் இருந்து எண்ணினால்
தாங்கள்தான் ஒன்று என்று
அரை மணிநேரம் வழக்காடினார்கள்.
அதுவும் சரிதான்.

எட்டின் பின்வாசலில் சசிரேகா,
இடுப்பில் ஒன்று, பாவாடையைப் பிடித்தபடி ஒன்று.
அண்ணன் முன்னால், தம்பி பின்னால்,
நடுவே பலகைத் தடுப்பு.
"நாங்க எத்தன?"

அரையை நான் வெட்டியிருக்கவில்லை.
தூரிகையால் கையாலேயே எழுதினேன்:
எட்டு, பக்கத்தில் சின்னதாய் ஒன்று,
ஒரு சாய்கோடு, கீழே இரண்டு.
அழகாகத்தான் வந்தது.
அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.
"ரெண்டு புள்ள பெத்தவடி நான்.
அரையா?"

துணியால் துடைத்தேன், நீலம் பரவியது.
அதன்மேலே ஒன்பது போட்டேன்,
அச்சை அழுத்திப் பிடித்து, முழுசாக.
இனிப் பழைய ஒன்பது பத்தாக வேண்டும்,
பத்து பதினொன்றாக.
டின்னைச் சுரண்டினேன், தகரம்தான் வந்தது.

தபால்காரர் இன்னும் ஆபிசோடு திரும்பிவிடுகிறார்.
எங்கள் லயத்தில் இப்போது
இரண்டு ஒன்பது.

ஒப்படைத்த படத்தில்
சிவப்புப் பென்சிலால்
இரண்டையும் வட்டமிட்டார் மிஸ்.
பிழையா என்று கேட்டார்.
இன்னும் முடியவில்லை மிஸ் என்றேன்.
ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டார்,
அடுத்த தாளைப் புரட்டினார்.